சீனி போடாத கோப்பி

என் வீட்டில் கோப்பிக்குச் சீனி போடுவதில்லை. பிள்ளைகள் இருவரும் இதைத் தங்கள் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். "எங்கம்மாவுக்குப் பாம்பக் கண்டா பயமில்ல, இனிப்பக் கண்டாதான் பயம்" என்பான் மூத்தவன். நான் மறுப்பதில்லை. வேறு யார் வீட்டிலாவது எதையாவது குடித்துவிட்டு வந்து, ரொம்ப இனிப்பாக இருந்தது என்று அவர்கள் சொன்னால் என் கை தானாகவே அவர்கள் நெற்றிக்குப் போகும். பிறகு வயிற்றுக்குப் போகும். சின்னவளுக்குப் பதினாறு வயது ஆகிறது. போன வாரம் அவள் என் கையை விலக்கிவிட்டு, "ஒங்களுக்கு என்னதாம்மா ஆச்சு?" என்று விளையாட்டாக இல்லாமல் கேட்டாள். வாயால் சொல்ல முடியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ் டிவிஷனில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுக்கு ஒரு காம்பரா இருந்தது. அப்பா, அம்மா, நான், இரண்டரை வயதுத் தம்பி, கல்யாணமாகாத தாய்மாமா என்று ஐந்து பேர் அந்த ஒற்றை அறையில் இருந்தோம். முன்னால் நாலடி அகலத்தில், திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு. மழை பெய்தால் லயமே அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தேயிலை வருவதற்கு முன்னால் அந்த மலையெல்லாம் கோப்பிதான் நின்றதாம். இலையில் ஏதோ நோய் விழுந்து அத்தனையும் அழிந்துபோனது. ஆனாலும் ஆற்றோரப் பள்ளங்களில், தேயிலை நட முடியாத பாறை இடுக்குகளில், சில கோப்பி மரங்கள் யாரும் கவனிக்காமல் தப்பி நின்றன. அந்தப் பழங்களைப் பறித்துக் காயவைத்து, கொத்தமல்லியோடு வறுத்து இடித்து, ஒரு சின்ன டின்னில் அம்மா வைத்திருப்பாள். அது விருந்தாளிக்கு. எங்களுக்குத் தேத்தண்ணிதான்.

அந்தத் தேத்தண்ணிக்கான தூள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தேயிலை அரைக்கும் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே நல்ல தூளெல்லாம் பெட்டியேறிக் கொழும்புக்கும், அங்கிருந்து சீமைக்கும் போய்விடும். கடைசியாகச் சலித்து மிஞ்சும் பஞ்சும் காம்புமான கழிவை யாரும் எடுக்கக் கூடாது. சுண்ணாம்பு கலந்து குழியில் கொட்டிப் புதைத்துவிட வேண்டும். அப்படித்தான் உத்தரவு. சுண்ணாம்பு விழுவதற்கு முன் இரண்டு கை மடியில் அள்ளிக்கொள்வது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கும் தெரியும். அவர் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்து மூக்குச் சிந்துவார். அதைக் குடித்து யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நாங்கள் வளர்ந்ததே அதைக் குடித்துத்தான். மாமா நான்கு வருடம் ஸ்டோரில் தராசு பிடித்தவர். அந்தக் குழியில் கொட்டும் வேலையும் அவருடையதுதான். "அவுங்க பொதைக்கச் சொன்னாலே தெரிஞ்சுக்க, அது நமக்கு ஆகுற சாமான்" என்று மாமா சொல்வார். நான் அதைப் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி நம்பினேன்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். உணவுப் பொருள்களில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் அரசாங்க ரசாயன ஆய்வாளர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி, மூக்குக்கண்ணாடி, காலில் எப்போதும் ஈரமாக இருக்கும் சப்பாத்து. தேயிலை மலைக்கு வந்த அவர் தேயிலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. தப்பி நின்ற கோப்பி மரங்களைத் தேடிப் பள்ளம் பள்ளமாக இறங்கினார். லயத்துக்கு மேலே பூட்டிக் கிடந்த கிளார்க்கர் வீட்டில் கண்ணாடிக் குழாய்களையும் ஸ்பிரிட் விளக்கையும் அடுக்கி, நம் மலைக் கோப்பியின் உள்ளே இருக்கும் சத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்க ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் அவருக்குக் கோப்பி ஐயா என்று பெயர் விழுந்துவிட்டது. தராசு தெரிந்தவர் என்பதால் மாமாவை உதவிக்கு விட்டார்கள்.

பின்னேரங்களில் மாமா இஸ்தோப்பில் குந்திக்கொண்டு சொல்லும் கதைகளைக் கேட்க நாலு காம்பராச் சனம் கூடும்.

"தூக்கத்தக் கெடுக்குற சத்து தனி, எண்ணெ தனி, புளிப்பு தனி, கசப்பு தனி. எல்லாத்தையும் வடிச்சு வடிச்சுத் தனித்தனியா போத்தல்ல வச்சிருக்காரு."

பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "கோப்பிக்குள்ள கோப்பிதான்டா இருக்கும். இதுக்கு ஒரு படிச்ச மனுசன் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாக்கணுமா?"

"ஒனக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தா எதுவும் இருக்காது பெரியம்மா. கோப்பி அப்படியில்ல."

"ஏன், என் நாக்கு இருக்குமே, அத வடிச்சுக் குடிடா!"

அப்பா சிரித்துக்கொண்டே தன் தேத்தண்ணியை உறிஞ்சுவார். அவருக்குக் கோப்பியே பிடிக்காது. குடித்தால் நெஞ்சு கரிக்கிறது என்பார். அதனால்தான் அவர் மட்டும் தப்பினார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்த மாமா, சட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய மாவு டின்னை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். உள்ளே கோப்பித்தூள். ஈரம் காய்ந்து கட்டிகட்டியாக, சற்று மஞ்சளோடிய பழுப்பு நிறம்.

"சோதிச்சு முடிச்ச தூளுக்கா. கொண்டுபோய்ப் பொதைச்சிட்டு வான்னாரு."

அம்மா முகர்ந்து பார்த்தாள். "சத்தெல்லாம் எடுத்துட்ட சக்கையாடா?"

"கசப்பத்தான் எடுத்திருக்காரு போல. நான் அங்கயே ஒரு சிட்டிக போட்டுக் கொதிக்கவச்சுக் குடிச்சுப் பாத்தேன். நீயும் குடிச்சுப் பாரு, அப்பறம் சொல்லு."

அம்மா கொதிக்கவைத்து வடித்தாள். நான் ஒரு வாய் குடித்தேன். இனித்தது. சீனி போடவில்லை, கருப்பட்டி போடவில்லை. தானாகவே, நாக்கின் நுனியில் மெல்ல இனித்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கோப்பியிலிருந்து கசப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இனிப்புத்தானே என்று மாமா விளக்கினார். அதைவிடத் தெளிவான கணக்கு எனக்கு இன்றுவரை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கூப்பனுக்குக் கிடைக்கும் சீனி பாதி மாதத்தில் தீர்ந்துவிடும் வீட்டுக்கு, இனிக்கிற கோப்பி வந்திருக்கிறது.

பக்கத்துக் காம்பராவுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்றாள் அம்மா. மாமா வேண்டவே வேண்டாம் என்றார். வெளியே தெரிந்தால் திருட்டு என்பார்கள். திருட்டு என்றால் பற்றுச்சீட்டு. அந்தத் துண்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. சட்டி பானையோடு ரோட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே அது எங்கள் வீட்டு ரகசியமானது. நான் மட்டும், அந்த அதிசயக் கோப்பியை எத்தனை நாள் குடிக்கிறோம் என்று பார்க்க, கதவின் பின்பக்கத்தில் நாளுக்கு ஒரு கரிக்கோடு போட்டு வந்தேன்.

நாலாவது ஐந்தாவது கோட்டில் மாமாவுக்கு வயிறு பிடித்துக்கொண்டது. பனங்காய் மாதிரி இறுகிக் கிடக்கிறது என்பார். ஓமம் மென்றுகொண்டு வேலைக்குப் போவார். எனக்கு வாயில் ஆணியை வைத்துக்கொண்டதுபோல ஒரு ருசி எந்நேரமும் இருந்தது. சொன்னால் கோப்பியை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை. தம்பி வெளுத்துப் போனான். சோறு வைத்தால் துப்பினான். ஓடி விளையாடுகிறவன் இஸ்தோப்பு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டான். பூச்சி என்றாள் அம்மா. கண்ணேறு என்றாள் பெரியம்மா. மிளகாய் சுற்றிப் போட்டார்கள், வேப்பிலை அரைத்துக் கொடுத்தார்கள். அதையெல்லாம் கக்கினான். அவன் முகம் சுளிக்காமல் வாங்கிக் குடித்தது ஒன்றே ஒன்றைத்தான்.

அதை அவனுக்குக் கொடுப்பது என் வேலை. மடியில் கிடத்தித் தகரப் பேணியைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுப்பேன். "அக்கா, இன்னுங்" என்பான். என் பங்கிலும் பாதியை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்ப் பிள்ளைகளின் அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். இருவரும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது கோடு போட்ட நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா அதற்கு முந்தைய இரண்டு நாளும் வேலைக்குப் போகவில்லை. உள்ளே பாயில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கிடந்தார். காலை ஒன்பது மணியிருக்கும். மேலே படிக்கட்டில் அந்த ஈரச் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கோப்பி ஐயா, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு, எங்கள் லயத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

உத்தியோகக்காரர்கள் லயத்துக்கு வருவது ஏசுவதற்கு அல்லது எண்ணுவதற்கு. நோய் விசாரிக்க வந்தவரை நாங்கள் கண்டதில்லை. லயம் முழுக்கத் தலைகள் நீண்டன. அப்பா ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அம்மாவின் வெளுத்த சேலையை நாலாக மடித்து அதன்மேல் விரித்தார்.

"ஆளுக்கு இன்னும் சுகமில்லையோ? ரெண்டு நாளாக் காணேல்லை, அதுதான் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"வயித்து வலிங்க ஐயா. ஒக்காருங்க ஐயா. ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

அவர் உட்கார்ந்தார். அதுவே பெரிய விஷயம். லயத்துக் காம்பராவில் தண்ணீர் குடிக்கிற யாழ்ப்பாணத்து உத்தியோகக்காரரை நாங்கள் பார்த்ததில்லை. அம்மா என்னை உள்ளே இழுத்துக் காதில் சொன்னாள். "மல்லி போட்டு இடிச்ச கோப்பித் தூளப் போட்டுக் கொதிக்கவையி. பெரியம்மாகிட்ட ஒரு கரண்டி சீனி வாங்கிக்க. நம்ம கண்ணாடி கிளாசக் கழுவி அதுல ஊத்து."

பெரியம்மா வீட்டில் சீனி இல்லை. திரும்பி வந்து அடுப்புக்கு முன்னால் நின்றேன். இரண்டு டின்கள். சீனி இல்லாத கசப்புக் கோப்பியை அவ்வளவு பெரிய மனிதருக்குக் கொடுப்பதா? மாமா யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று என்னிடம் சொன்னதில்லை. மாவு டின்னைத் திறந்தேன். விருந்தாளி என்பதால் இரண்டு கரண்டி கூடவே போட்டேன். கண்ணாடி கிளாசில் அவருக்கு ஊற்றி, மிச்சத்தை வழக்கம்போலத் தம்பியின் பேணியில் ஊற்றினேன்.

அவர் கிளாசை வாங்கி, என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு வாய் குடித்தார்.

சிரிப்பு அப்படியே நின்றது. கன்னம் உப்பியபடி இரண்டு விநாடி அசையாமல் இருந்தார். பிறகு சட்டென்று குனிந்து, இஸ்தோப்புக்கு வெளியே தண்ணீர் ஓடும் கானில் துப்பினார். மறுபடியும் துப்பினார். சட்டைக் கையால் நாக்கைத் துடைத்தார்.

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவள் தன் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையில் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் கீழே பார்த்தாள்.

"பாத்தியா" என்றாள் பெரியம்மா, எல்லோருக்கும் கேட்கிறாற்போல. "லயத்துத் தண்ணி தொண்டையில எறங்காதாம். பின்ன எதுக்கு வந்து குந்துறது?"

அவருக்கு அது காதில் விழவில்லை. "இதுக்குச் சீனி போட்டதோ, பிள்ளை?"

"இல்லீங்க. சீனி இல்லாமலே இனிக்கும்" என்றேன். அந்த நிலையிலும் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

அப்போதுதான் அவர் மூலையில் உட்கார்ந்திருந்த தம்பியைக் கண்டார். தம்பி இரண்டு கையாலும் பேணியைப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தான். கோப்பி ஐயா பெட்டியிலிருந்து எழுந்த வேகத்தில் பெட்டி சரிந்து விழுந்தது. ஒரே அடி. பேணி பறந்துபோய்ச் சுவரில் மோதி உருண்டது. தம்பி வீறிட்டான்.

"டேய்! பச்சப் புள்ளயவாடா அடிக்கிற!" அப்பா ஐயா என்ற சொல்லையே மறந்துவிட்டார். நாலைந்து ஆம்பிளைகள் இஸ்தோப்பில் ஏறினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. முழங்காலில் விழுந்து, தம்பியின் வாய்க்குள் விரலைவிட்டு வாந்தி எடுக்கவைத்தார். பிறகு உதட்டை விலக்கிப் பல்லீறைப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடியும் பார்த்தார். அப்பா அவர் தோளைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது. அவர் பிள்ளையை விடவில்லை.

"எத்தினை நாளா? இந்தத் தூளை எத்தினை நாளாக் குடிக்கிறியள்?"

 உள்ளேயிருந்து மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் சாம்பலாக இருந்தது. கீழே உருண்டு கிடந்த பேணியைப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதாவது, எங்களுக்கெல்லாம் விளங்கிய விதத்தில் விளங்கிவிட்டது. புதைக்கச் சொன்னதைத் திருடிக்கொண்டு வந்து, திருடிய பொருளையே அதன் சொந்தக்காரருக்குக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறோம்.

"இன்னைக்குத்தாங்க ஐயா. இன்னைக்குத்தான் மொதத் தடவ."

கோப்பி ஐயா அவரை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். கண்ணாடி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. அது இல்லாத அவர் கண்கள் சின்னதாக, சிவந்திருந்தன.

"நீ சொல்லு, பிள்ளை. நான் ஒருத்தரையும் ஏசமாட்டன். எத்தினை நாள்?"

எனக்குப் பின்னால் கதவு திறந்து சுவரோடு சாய்ந்திருந்தது. கரிக்கோடுகள் சுவர்ப் பக்கம் மறைந்திருந்தன. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் துப்பிய இடத்தைப் பார்த்தேன்.

"இன்னைக்குத்தான்" என்றேன். ஒவ்வோர் எழுத்தையும் வெறுப்போடு சொன்னேன்.

அவர் தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார். மாமாவைக் கைத்தாங்கலாக அப்பா கொண்டுவந்தார். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். அங்கே மருந்து கலக்கிறவரை நாங்கள் டாக்டர் ஐயா என்போம். அவரும் கோப்பி ஐயாவும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நிறையப் பேசினார்கள். அம்மா இரண்டடி தள்ளி நின்று, இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டாக்டர் ஐயா தம்பிக்கும் எங்களுக்கும் பேதி உப்பும், முட்டை வெள்ளை அடித்த பாலும் கொடுத்துவிட்டு, தமிழில் சொன்னார். "ஒரு தடவ தான குடிச்சிருக்கீங்க. மருந்து கலந்த தூளு அது. ஒண்ணும் ஆகாது, போங்க."

பன்னிரண்டு நாள் குடித்தும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகென்ன என்று அம்மா நினைத்தாளாம். பிற்காலத்தில் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள். அந்தத் தூளில் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரிகிற மொழியில் அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை.

நாங்கள் லயத்துக்குத் திரும்பும்போது, அரிசி இறக்கிவிட்டு வெறுமையாக டவுனுக்குப் போகும் லொறி எங்களைக் கடந்து போனது. ஓட்டுநர் எனக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

எங்களோடு திரும்பி வந்த கோப்பி ஐயா தன் இடத்துக்குப் போகவில்லை. கிழிந்த சட்டையோடு எங்கள் இஸ்தோப்பில் அந்தக் கவிழ்ந்த பெட்டிமேல் உட்கார்ந்தே இருந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. பெரியம்மா அவர் காலருகே வேண்டுமென்றே கூட்டிப் பெருக்கினாள். அவர் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டாரே ஒழிய எழவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் திரும்பிய நேரம். தம்பி அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். முதலில் அவனுடைய இடது கை துடித்தது. கனவு என்று நினைத்தேன். பிறகு உடம்பு முழுவதும் வில்லாக வளைந்தது. கண் மேலே செருகி வெள்ளை மட்டும் தெரிந்தது. பல் கிட்டித்து, வாயோரம் நுரை வந்தது. அம்மா கத்தவில்லை.  வாயைத் திறந்துகொண்டு, சத்தமில்லாமல், கோப்பி ஐயாவைத்தான் பார்த்தாள்.

என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நான் கதவைப் பிடித்து இழுத்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.  கதவைத் திருப்பி, பின்பக்கத்தை அவருக்குக் காட்டினேன்.

அவர் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு. என்னை ஏசவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. படிக்கட்டில் விழுந்தெழுந்து தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு ஓடினார். அதுவரை தோட்டத்துச் சனம் ஒருவரையும் ஏற்றியிராத துரையின் காரில் தம்பியும் அம்மாவும் மாமாவும் அப்பாவும் அவரும் போனார்கள். எனக்கு இடமில்லை.

தம்பி பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தான். மாமா இரண்டு வாரத்தில் வந்துவிட்டார், பற்றுச்சீட்டு வரவில்லை. கோப்பி ஐயா துரையிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. அந்தத் தூளில் ஈயம் சேர்ந்த ஓர் உப்பு இருந்தது என்பதை நான் வெகுகாலம் கழித்து, ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது ஒரு புத்தகத்தில் பார்த்துத்தான் பொருத்திக்கொண்டேன். கோப்பியின் ஒரு சத்தைப் பிரித்தெடுக்க அந்த உப்புக் கரைசலை ஊற்றுவார்களாம். அது இனிக்குமாம். புத்தகத்தில் ஒரு வரி. 

தம்பி பிழைத்தான். இப்போது வட்டகொடையில் இருக்கிறான். நல்லவன், உழைப்பாளி. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குச் சற்று நேரமாகும், காத்திருந்தால் வரும். பள்ளிக்கூடத்தில் காத்திருக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால், "அக்கா, ஒங்க வீட்டுக் கோப்பி கசக்குது" என்று சிரிப்பான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. நான் அன்று காலையிலேயே சொல்லியிருந்தால், அந்த அரிசி லொறியில் போயிருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். மாமா அதற்குப் பிறகு கோப்பியைத் தொட்டதில்லை. சில வருடங்களில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் எதையோ சொல்ல வந்து, தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது.

காரில் போன மறுநாள் காலை அப்பா மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து குழப்பத்தோடு சொன்னார். "வழி நெடுக அந்த மனுசன் ஒண்ணையே சொல்லிக்கிட்டு வந்தாரு. 'நான் ஏன் எண்டு சொல்லேல்லை, நான் ஏன் எண்டு சொல்லேல்லை'ன்னு. என்னத்த ஏன்னு சொல்லல? எனக்கு ஒண்ணும் வெளங்கல." பெரியம்மாவுக்கும் விளங்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மேலே கிளார்க்கர் வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கொய்யா மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தேன். கோப்பி ஐயா தனியாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். வேலை பழகாத கை; மண்வெட்டி அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் இடுப்பளவுக்கு வெட்டினார். பிறகு உள்ளேயிருந்து தட்டுத் தட்டாகக் கோப்பித்தூளையும், எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன மாவு டின்னையும், பெயர் எழுதி ஒட்டிய போத்தல்களையும் கொண்டுவந்து கொட்டினார். மண்ணைத் தள்ளி மூடினார். மேலே ஒரு பெரிய கல்லை உருட்டி வைத்தார். பிறகு அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து, மண் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தோள் குலுங்கியது. ஒரு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அவ்வளவு படித்தவர், அத்தனை மாதம் பள்ளம் பள்ளமாக இறங்கிச் சேர்த்த கோப்பியெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டதே என்று அழுகிறார் என்று அந்த ஒன்பது வயதில் நினைத்தேன். அம்மா கொடுத்த கோப்பியைத் துப்பியவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அவர் அழுது முடிக்கும்வரை, மரத்தின் பின்னால் நின்று, மனம் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தேன்.